மாசியின் கடைசி முகூர்த்தம்

ரத்தினவேலுக்கு மஞ்சள் காமாலை என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. கம்பெனி கேண்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர். தட்டை நீட்டிய ரத்தினவேலின் முகத்தைப் பார்த்ததும் அவர் கரண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு, கண் மஞ்சளாக இருக்கிறதே, கவனிக்கவில்லையா என்று கேட்டார். ட்யூப்லைட் வெளிச்சம் அப்படிக் காட்டுகிறது என்று சொல்லிவிட்டு ரத்தினவேல் சாம்பாரை வாங்கிக்கொண்டு போனார்.

இதைக் கேட்டால் அவருடைய கம்பெனியில் சிரிப்பார்கள். ஏனென்றால் ஓசூர் சிப்காட்டில் வண்டி பிரேக்குக்கான பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில், கடைசிச் சோதனை மேசையில் இருபத்து நான்கு வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவர். தலைமுடி கனத்தில் ஒரு கீறல் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்ட கண், கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொள்ள மட்டும் மறந்துவிட்டது.

அந்த மேசையில் மூன்று நிறத்தில் சீட்டுகள் இருக்கும். சரியாக இருக்கும் பாகத்துக்குப் பச்சை. தேறாததற்குச் சிவப்பு, அது நேராக உருக்கப் போய்விடும். சந்தேகமானதற்கு மஞ்சள். மஞ்சள் சீட்டு கட்டிய பாகத்தை வேறு ஒருவர் வேறு கருவியில் அளந்து சொல்லும்வரை யாரும் தொடக்கூடாது, எவ்வளவு அவசரமாக லாரி நின்றாலும் சரி. புதிதாக வரும் பையன்களுக்கு ரத்தினவேல் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான். சிவப்புச் சீட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னால் போய் ஒரு டீ குடித்துவிட்டு வா என்பார். மேனேஜர் வந்து கத்தினாலும் அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வருவார்.

கண் மஞ்சளானது தை மாதத்தில். அடுத்த வாரமே சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போயிற்று, மலம் வெளுத்தது, உடம்பெல்லாம் அரிப்பு. வலி மட்டும் கொஞ்சமும் இல்லை. மனைவி சரஸ்வதி கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தாள். வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லை தாண்டி, காமாலைக்கு மருந்து கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, மூன்று ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றோடு போய் அதையும் குடித்தார். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல் பத்தியம். பத்தியத்தில் இளைக்கிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். ஒன்பது கிலோ குறைந்து, பேண்ட்டுக்குப் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்ட பிறகுதான் ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள்.

அங்கிருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். சரஸ்வதியைத் தனியாக வெளியே கூப்பிட்டார். எதுவாக இருந்தாலும் என் முன்னாலேயே சொல்லுங்கள் என்று ரத்தினவேல் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டார். கணையத்தின் தலைப்பக்கம் கட்டி மாதிரி வீங்கியிருக்கிறது, அது பித்தக் குழாயை நெரிக்கிறது, அதனால்தான் காமாலை. பெரும்பாலும் கேன்சராகத்தான் இருக்கும், பெங்களூருக்குப் போய் உறுதி செய்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர். 'பெரும்பாலும்' என்ற சொல்லையும் 'உறுதி செய்துகொள்ளுங்கள்' என்ற சொல்லையும் ரத்தினவேல் அந்த அறையிலேயே விட்டுவிட்டு, நடுவில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அதற்கும் காரணம் இருந்தது. வார்ப்புப் பிரிவில் கங்கப்பன் என்று ஒருவர் இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கும் இதே மாதிரி வலியில்லாத காமாலை, இதே கணையம், இதே ஸ்கேன். நான்காவது மாதம் கம்பெனி பஸ்ஸில் ஐம்பது பேர் அவருடைய சாவுக்குப் போய் வந்தார்கள். அந்த பஸ்ஸில் முன் சீட்டில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ரத்தினவேல். அதனால் அவருக்குக் கணக்குச் சுலபமாக வந்தது. தை, மாசி, பங்குனி, சித்திரை.

பெங்களூரில் வாய் வழியாகக் குழாய் விட்டு, அடைத்த பித்தக் குழாயில் ஒரு சின்ன ஸ்டென்ட் வைத்தார்கள். நான்கு நாளில் அரிப்பு நின்றது, மஞ்சள் இறங்கியது. கணையத்தில் ஊசி போட்டுச் சதையும் எடுத்தார்கள். அங்கே பார்த்த டாக்டர் வயதானவர், பேச்சு கம்மி. அவர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரத்தினவேலின் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். இந்த வீக்கம் எத்தனை நாளாக இருக்கிறது, வாய் உலர்ந்து போகிறதா என்று கேட்டார். இரண்டு வருடமாக இருக்கிறது என்றார் ரத்தினவேல். மிஷின் எண்ணெய்ப் புகையில் நாள் முழுக்க இருப்பதால் வாய் உலர்கிறது என்று அவரே முடிவு கட்டி வைத்திருந்தார்.

டாக்டர் கன்னடமும் தமிழுமாகக் கலந்து பேசினார். எடுத்த சதையில் கேன்சர் அணு தெரியவில்லை, ஆனால் அதை வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஊசி சரியான இடத்தில் படாமலும் போயிருக்கலாம். கேன்சராக இருக்கலாம். ஆனால் அச்சு அசலாகக் கேன்சர் மாதிரியே தெரிகிற வேறொரு நோயும் இருக்கிறது. அதில் உடம்பே தன் கணையத்தை எதிரி என்று நினைத்துத் தாக்கும். கணையம் வீங்கும், பித்தக் குழாயை நெரிக்கும், எச்சில் சுரப்பிகூட வீங்கும். அபூர்வம்தான். அதுவாக இருந்தால் கத்தி வேண்டாம், மாத்திரையே போதும். ஒரு ரத்தச் சோதனைக்கு வெளியே அனுப்புகிறேன், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை சதை எடுத்துப் பார்ப்போம் என்றார்.

"அதுவரைக்கும் எந்த முடிவும் பண்ணாதீங்க, ரத்தினவேல். அவசர பேடா."

ஓசூர்க்காரருக்கு இந்தக் கன்னடம் புரியாமல் இல்லை. அவசரம் வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொன்னால், சாகப் போகிறவனுக்குச் சொல்லும் ஆறுதல் என்று அவர் எடுத்துக்கொண்டார். இருபத்து நான்கு வருடம் மஞ்சள் சீட்டின் அருமையை ஊருக்கெல்லாம் ஓதிய மனுஷன், தன்னைத் தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு, அத்திப்பள்ளி தாண்டும்போது பஸ்ஸில் உட்கார்ந்து காலண்டர் பார்த்தார். இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. ஆனால் அந்த பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவரைத் திட்ட யாருக்கும் மனசு வந்திருக்காது.

அவர் காலண்டரில் தேடியது மகளுக்கு முகூர்த்தம்.

மகள் சுப்ரியாவுக்கு இருபது வயது. சேலத்தில் ஐந்து வருடச் சட்டப் படிப்பில் மூன்றாம் வருடம். அவள் வக்கீலாவாள் என்பது அவளுக்குப் பதினான்கு வயதானபோதே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் தெருவில் விளக்கு எரியாமல் மூன்று மாதம் ஆனபோது, அவள் பரீட்சைத் தாளில் மனு எழுதி, தெருவில் இருபத்தேழு பேரிடம் கையெழுத்து வாங்கி, நகராட்சி ஆபீசில் கொடுத்து, முத்திரை குத்திய ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். விளக்கு எரிந்தது. ரத்தினவேல் அந்த ரசீதை ஜெராக்ஸ் எடுத்து மூன்று ஷிப்டுக்கும் காட்டினார். அன்றிலிருந்து அவள் தெருவுக்கே வக்கீலம்மா. வீட்டில் சாம்பாருக்கு உப்பு அதிகம் என்றால்கூட சாட்சி யார் என்று கேட்பாள். அவர் வாய் கொள்ளாமல் சிரிப்பார்.

அவருடைய அக்கா காவேரி வேப்பனப்பள்ளி பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். சின்ன வயதில் அம்மா போனபிறகு, தம்பிக்குச் சோறாக்கிப் போடுவதற்காக ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவளுடைய மகன் சுரேந்தர் தோப்பைப் பார்த்துக்கொள்கிறான். குடி கிடையாது, வாய் அதிகம் கிடையாது, குறை சொல்ல ஒன்றுமில்லாத பையன். தம்பி பெண்ணைத் தன் மகனுக்குக் கேட்க அக்காவுக்கு உரிமை உண்டு. காவேரி இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் ரத்தினவேல், படிப்பு முடியட்டும் அக்கா, அப்புறம் அவளே சொல்லட்டும் என்று நகர்ந்துகொண்டார்.

மூன்றாவது முறை யாரும் கேட்கவில்லை. பேரிகை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி அவரே போய்க் கேட்டார். தன் நோயைச் சொன்னார். காவேரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்; அழுத கையோடு சம்மதம் சொன்னாள். சுப்ரியா இங்கிருந்தே படிக்கட்டும், நாங்கள் தடுக்கவா போகிறோம் என்றும் சொன்னாள். அதை அவள் பொய்யாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் யார் என்ன கேட்டிருந்தாலும் அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

அவர்கள் வீட்டில் பங்குனியில் தாலி கட்டுவதில்லை. மாசியின் கடைசி முகூர்த்தத்தை விட்டால் அப்புறம் சித்திரைதான். கடைசி முகூர்த்தத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. பெங்களூர் டாக்டர் மறுபடி சதை எடுக்க வரச் சொன்ன நாள் அதற்குள்ளேயே விழுந்தது. கல்யாணம் முடிந்து வருகிறோம் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார்.

சேலத்திலிருந்து வந்த சுப்ரியா முதலில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட்டுகளை எல்லாம் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் படித்தாள். கேன்சர் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை என்பது அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"ரத்த ரிசல்ட் எப்பப்பா வரும்?"

"பத்துப் பதினஞ்சு நாளாகும்னாங்க."

"அது வரைக்கும் பொறுக்கலாமே. கேன்சருன்னு வந்துடுச்சுன்னா, நீங்க யாரைச் சொன்னாலும் நான் வந்து மணையில உக்காந்துக்கறேன். வர்றதுக்கு முன்னாடி எதுக்குப்பா?"

நியாயமான வாதம். நீதிபதியாக வேறு யார் இருந்தாலும் தீர்ப்பு அவள் பக்கம்தான். ரத்தினவேலுக்கும் அது தெரிந்தது. தெரிந்ததால்தான் அவர் கையில் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"பங்குனி போயி சித்திரை வர்ற வரைக்கும் நான் இருப்பனா கண்ணு? நானும் உங்கம்மாளும் ஒண்ணா நின்னு உன்னைத் தாரை வார்த்துக் குடுக்கணும். நான் போயிட்டன்னா அவளை மணை கிட்டவே விடமாட்டாங்க. பெத்தவ உன் கல்யாணத்துல எங்க நிப்பா, சொல்லு. கடைசி வரிசையிலயா?"

சுப்ரியா அம்மாவைப் பார்த்தாள். சரஸ்வதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றிருந்தாள். தாலி அறுத்தவள் மணையில் உட்காரக்கூடாது என்பதை எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் அவள் எதிர்த்து வாதாடியிருப்பாள். அவள் ரிப்போர்ட்டுகளை அடுக்கி மறுபடி பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு கல்யாணம் முடியும்வரை அவள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வேப்பனப்பள்ளி மண்டபத்தில் பெண் அழைப்பு நடந்துகொண்டிருந்தபோது ரத்தினவேலின் போன் அடித்தது. பெங்களூர் எண். ரிசல்ட் வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள். நாளைக் காலை மகளைத் தாரை வார்க்கும்வரை எல்லா அப்பன்களையும் போல ஒரு அப்பனாக இருந்துவிட்டுப் போகிறேன், சாவுச் செய்தியை நாளை மறுநாள் கேட்டுக்கொள்கிறேன் என்று நினைத்தார். சத்தத்தை அடக்கினார். மறுபடி அடித்தது. மறுபடி அடக்கினார். மூன்றாவது முறை அடித்தபோது போனையே அணைத்து, ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு, விருந்தாளிகளுக்குச் சந்தனம் கொடுக்கப் போனார்.

காலையில் அவரும் சரஸ்வதியும் சேர்ந்து மகளின் கையில் தண்ணீர் வார்த்தார்கள். பாதித் தண்ணீர் தரையில் போயிற்று. நோயாளி என்பதால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சுரேந்தர் தாலி கட்டினான். சுப்ரியா அழவே இல்லை. எவ்வளவு தைரியமான பொண்ணு என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

நான்காம் நாள் பெங்களூர் போனார்கள். டாக்டர் கோபப்படவில்லை. வெளியே அனுப்பிய ரத்தச் சோதனையில் அளவு இருக்க வேண்டியதைப் போல ஐந்து மடங்கு இருக்கிறது, கேன்சரில் இவ்வளவு ஏறாது என்றார். மறுபடி ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள்; அதிலும் கேன்சர் இல்லை, அவர் சந்தேகப்பட்ட அந்த அபூர்வ நோயின் அடையாளம்தான் இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரையை ஆரம்பித்தார்கள். பத்தாம் நாள் ரத்தினவேலுக்குப் பசித்தது. மூன்றாம் வாரம் எடுத்த ஸ்கேனில் வீக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. சித்திரையில் ஸ்டென்ட்டையும் எடுத்துவிட்டார்கள். நானே நிறுத்தச் சொல்லும்வரை மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் திரும்ப வரும் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார். சரஸ்வதி ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவே, தரையில் விழுந்து கும்பிட்டாள்.

சீட்டு எழுதிக் கொடுத்த நர்சிடம் ரத்தினவேல் மட்டும் தனியாகப் போய், அன்று சாயங்காலம் எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

"நல்ல சேதின்னுதான் சார். கேன்சரா இருக்காது போல, உடனே வாங்கன்னு சொல்லச் சொன்னாரு டாக்டர். மூணு தடவை போட்டேன்."

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

செத்துப் பிழைத்தவரைப் பார்க்க ஊரே வந்தது. வந்தவர்கள் சும்மா வரவில்லை, ஒரு காரணத்தோடு வந்தார்கள். காவேரிதான் அதை முதலில் சொன்னாள்: என் வீட்டுக்கு மருமகளாக அவள் கால் வைத்த நேரம், அவள் கழுத்தில் தாலி ஏறிய நேரம், என் தம்பிக்கு உயிர் திரும்பிவிட்டது. வீட்டுக்கு வீடு இதே பேச்சு. கோயிலில் பொங்கல் வைத்து, சுப்ரியாவை நடுவில் நிறுத்தி, கிழவிகள் அவளுக்குத் திருஷ்டி கழித்தார்கள். அவள் தலை குனிந்து நின்றாள். அந்தக் கூட்டத்தில் ரத்தினவேலும் இருந்தார், மூன்று கிலோ எடை கூடி. அந்த நேரத்தில் பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பார்.

சேலம் தூரம். புதுப் பெண்ணை ஹாஸ்டலில் விடுவது எப்படி என்றாள் காவேரி. மாங்காய் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. தோப்பில் இருபது ஆளுக்குச் சோறு போக வேண்டும், காவேரிக்கு முழங்கால் வலி. பறிப்பு முடியட்டும் என்றார்கள். பறிப்பு முடிவதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. சுரேந்தர் போகாதே என்று ஒரு நாளும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

ஆடிக்குச் சுப்ரியா தாய் வீட்டுக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாள் ரத்தினவேல் லீவு போட்டுச் சேலம் போனார். கல்லூரி முதல்வர் முன்னால் இவர் கைகட்டி நின்றதைப் பார்த்து அவரே எழுந்து நாற்காலி போட்டாராம். விட்ட வருடத்தை மறுபடி படிக்கலாம், விண்ணப்பத்தில் பெண்ணும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். விண்ணப்பத்தை மடிக்காமல் அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு ராத்திரி வீடு வந்து சேர்ந்தார். வாசலில் காவேரியின் செருப்பு கிடந்தது. சுப்ரியாவுக்குத் தலைசுற்றல், வாந்தி; இரண்டு மாதம் என்று அன்று மத்தியானம்தான் தெரிந்திருந்தது. காவேரி பூவும் பழமுமாக வந்திருந்தாள்.

ரத்தினவேல் அப்படியும் விடவில்லை. அக்காவைத் தனியே உட்காரவைத்துக் கேட்டார். பிள்ளையைப் பெற்ற பிறகாவது, குழந்தையைச் சரஸ்வதி பார்த்துக்கொள்ளட்டும், மூன்று வருடம் படிக்க அனுப்பு, உன் காலில் விழுகிறேன் என்றார். காவேரிக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூட அவருக்குத் தேவலாம்.

"ஏன்டா ரத்தினம், சாகப் போறேன், எம் பொண்ணை எடுத்துக்கோக்கான்னு நீதானே வந்து நின்னே? நானா அவசரப்படுத்தினேன்? இப்ப நீ சாகாம இருந்துட்டேங்கறதுக்கு நாங்க என்னடா பண்ண முடியும்?"

விண்ணப்பத்தை அவர் சுப்ரியாவிடம் காட்டவே இல்லை.

ஆவணியிலிருந்து அவர் மாத்திரையை விட்டுவிட்டார். சரஸ்வதி காலையில் எடுத்துக் கொடுப்பாள்; சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்கிறேன் என்று சட்டைப் பையில் வாங்கிக்கொள்வார். கம்பெனிக்குப் போய் இரும்புச் சுருள் கொட்டும் தொட்டியில் போட்டுவிடுவார். சாக வேண்டும் என்று நினைத்தாரா என்றால், அவருக்கே சொல்லத் தெரியாது. மகளிடம் சாகப் போகிறேன் என்று சொல்லி ஒன்றை வாங்கிக்கொண்டோம், சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லையே என்ற மாதிரி ஒரு நினைப்பு அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நாள் தவறாமல் எட்டு மணி நேரம் மேசையில் உட்கார்ந்து, கீறலில்லாத பாகங்களுக்குப் பச்சைச் சீட்டு கட்டிக்கொண்டே அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தார்.

கார்த்திகையில் வேப்பனப்பள்ளியில் சுப்ரியாவுக்கு வளைகாப்பு. கை நிறைய வளையலோடு, கன்னத்தில் சந்தனத்தோடு அவள் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராக வந்து வளையல் போட்டார்கள். ஆண்கள் தள்ளி நின்றார்கள். ஆசீர்வாதம் வாங்க அப்பாவின் காலைத் தொட்டு நிமிர்ந்தவள், அவர் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். கண் மஞ்சளாக இருந்தது.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் மாங்காய் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போனாள். பறிப்பில்லாத காலம், காலிப் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. ஒன்றின்மேல் அவரை உட்காரவைத்து, மாத்திரையை எப்போதிலிருந்து விட்டீர்கள் என்று கேட்டாள். ஆவணி என்றார். ஏன் என்று கேட்டாள். அவர் அப்போதுதான் அந்த மூன்று போன் அழைப்புகளைப் பற்றிச் சொன்னார். எந்த நேரத்துக்கு வந்தது, எப்படி அணைத்தார், நர்ஸ் பிறகு என்ன சொன்னாள், எதையும் விடவில்லை. எடுத்திருந்தால் அன்றைக்கே உன்னைக் கூட்டிக்கொண்டு ஓசூர் போயிருப்பேன் சாமி என்றார். சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

சுப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எதிர்ப் பெட்டியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் கொஞ்சம் ஆறும் என்றுகூட நினைத்தார்.

"நானும் ஒண்ணு சொல்லணும்ப்பா. தாலி கட்டறப்ப எல்லாரும் கண்ணை மூடிச் சாமி கும்பிடுன்னாங்க. நான் என்ன கும்பிட்டேன் தெரியுங்களா? நீங்க பொழைச்சிடக் கூடாதுன்னு கும்பிட்டேன்."

அவர் தலை தூக்கிப் பார்த்தார்.

"பொழைச்சிட்டீங்கன்னா நான் இதெல்லாம் சும்மா பண்ணின மாதிரி ஆயிடுமேன்னு தோணுச்சு. ஒரு நிமிசந்தான். அப்புறம் நீங்க நல்லாயிட்டீங்க, ஊரே என்னாலதான் பொழைச்சீங்கன்னு சொல்லுது. எனக்கு யார் முகத்தையும் பார்க்க முடியல. இப்ப நீங்க செத்தீங்கன்னா, அது நான் கேட்டுக்கிட்டு நடந்தது ஆயிடும்ப்பா. படிப்பை எடுத்துக்கிட்டீங்க, போகட்டும். இதையும் என் தலையில கட்டிட்டுப் போகாதீங்க."

உள்ளேயிருந்து யாரோ சுப்ரியாவைக் கூப்பிட்டார்கள். வர்றேன் அத்தை என்று குரல் கொடுத்துவிட்டு, அவருடைய சட்டைப் பையில் கையை விட்டாள். அன்று காலை சரஸ்வதி கொடுத்த மாத்திரை அங்கேதான் இருந்தது. அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, அவர் வாயில் போட்டு விழுங்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வளையல் குலுங்க உள்ளே போனாள்.

மறுநாள் பெங்களூர் போனார்கள். டாக்டர் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். மஞ்சள் மறுபடி இறங்கியது. ரத்தினவேல் இப்போது நன்றாக இருக்கிறார், மேசைக்கும் திரும்பிவிட்டார். காலையில் சரஸ்வதி மாத்திரையைக் கொடுத்ததும் அவள் கண் முன்னாலேயே விழுங்குகிறார். வாழ ஆசை வந்துவிட்டது என்று சரஸ்வதி அக்கம்பக்கத்தில் சந்தோஷமாகச் சொல்கிறாள். மகளிடமிருந்து எடுத்துக்கொண்டதில் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாத ஒரு அப்பன், அந்த மகளுக்காகச் சாகாமல் இருக்கிறார் என்பது சரஸ்வதிக்குத் தெரியாது.